வழுக்கும் கிளட்ச்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் மோட்டார் வண்டியின் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே நம் கருத்து. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964ஆம் ஆண்டில் பழங்கார்ப் பேரணியைத் தொடங்கிய டில்லி மாநகரில் நாம் வாழ்கிறோம். தந்தை வைத்திருந்த வண்டியை விற்க மனமின்றிப் போற்றி வருவோர் இங்கு உண்டு. அத்தகைய வண்டி நோயுற்றால், காரணம் அறியாமல் செய்யும் மருத்துவம் பொருளையும் விழுங்கும்; சில வேளை உயிருக்கும் ஊறு செய்யும்.

எடுத்துக்காட்டாக எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரைக் கொள்வோம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் இது செய்யப்பட்டது. இதன் எஞ்சின் 1,798 சி.சி. கொள்ளளவு உடையது. நம் அம்பாஸிடர் காரில் நெடுங்காலம் உழைத்த 1,489 சி.சி. எஞ்சினும் இதே குலத்தைச் சேர்ந்ததே. ஆதலின் இது நமக்கு முற்றிலும் அயலான வண்டி அன்று.

கிளட்சின் வேலை யாது? எஞ்சினோடு சுழலும் பிளைவீலுக்கும், வில்லால் அழுத்தப்படும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே, 8 அங்குல அகலமுள்ள உராய்வுத் தட்டு ஒன்று இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அப்பிடியின் வலிமையாலேயே எஞ்சினின் ஆற்றல் கியர்ப் பெட்டிக்குச் செல்கிறது. எண்ணெய் பட்ட கையால் புட்டியின் மூடியைத் திருகிப் பாருங்கள். கை சுழலும், மூடி சுழலாது. வழுக்கும் கிளட்சின் நிலையும் அதுவே.

இந்நோயை ஐயமின்றி உறுதி செய்துகொள்வது முதற் கடமை. வண்டியை மேல் கியரில் மிதமான வேகத்தில் ஓட்டி, ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்துக. எஞ்சினின் சுற்று சட்டென்று ஏறி, வண்டியின் வேகம் அதற்கேற்ப ஏறாவிடின், கிளட்ச் வழுக்குகிறது. இதற்குக் கணக்கும் உண்டு. எம்.ஜி.பி. வண்டி நேர் மேல் கியரில் 1,000 சுற்றுக்கு மணிக்குச் சுமார் 29 கிலோமீட்டர் செல்லும். ஆகவே 3,000 சுற்றில் சுமார் 86 கிலோமீட்டர் காட்ட வேண்டும். சுற்றுமானி 3,600 காட்டும்போதும் வேகமானி 86லேயே நின்றால் வேறு சான்று வேண்டுவதில்லை. சுற்றும் ஏறாமல் வேகமும் ஏறாமல் இருந்தாலோ, குறை கிளட்சில் அன்று. எஞ்சின் வலுவிழந்திருக்கலாம், அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். கியர் மாற்றுகையில் பற்கள் கறகறவென்று உரசுமாயின், அது கிளட்ச் விடாமையைக் காட்டும். வழுக்கலுக்கு நேர்மாறான நோய் அது.

சில எம்.ஜி.பி. வண்டிகளில் ஓவர்டிரைவ் என்னும் துணைக்கருவி பொருத்தப்பட்டிருக்கும். அதனுள்ளும் உராய்வால் பிடிக்கும் கூம்பு ஒன்று உண்டு. ஓவர்டிரைவ் இயங்கும்போது மட்டும் வழுக்கலும், அதை நிறுத்தியதும் நல்ல பிடிப்பும் காணப்பட்டால், குற்றம் அதனுடையதே. கிளட்சைப் பழிப்பது தகாது.

வழுக்கல் உறுதியான பின்னரும் உடனே எஞ்சினைக் கழற்றச் சொல்லுதல் கூடாது. இவ்வண்டியில் கிளட்ச் தட்டை மாற்ற எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். அத்துணைப் பெருஞ்செலவுக்கு முன் சிறு சோதனை ஒன்று உண்டு. மிதியின் அழுத்தம் இங்கே பிரேக் ஆயில் வழியாகக் கிளட்சை அடைகிறது. மிதியைக் காலால் தொடாதபோது அவ்வழியில் அழுத்தம் சிறிதும் எஞ்சலாகாது. பழைய ரப்பர்க் குழாய் உள்ளே உப்பி அடைத்துக்கொண்டால், அழுத்தம் போகுமே தவிரத் திரும்பாது. மேலேயுள்ள மாஸ்டர் சிலிண்டரின் சிறு துளை அடைபட்டாலும் இதே விளைவுதான். மே மாதத்து வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் ஆயில் விரிந்து, ஒருவரும் மிதிக்காமலே கிளட்சைப் பாதி விடுவித்துவிடும். காலையில் நன்றாக ஓடி, அரைமணி நேரம் சென்றபின் வழுக்கும் வண்டியில் இதையே முதலில் ஐயுற வேண்டும்.

வழுக்கல் தோன்றியவுடன் வண்டியை ஓரமாக நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்து, கியர்ப் பெட்டியின் அருகிலுள்ள கீழ்ச் சிலிண்டரின் காற்றுத் திருகைச் சற்றே தளர்த்துக. ஆயில் பீறிட்டு, பின் வழுக்கலும் நீங்கினால், தட்டு குற்றமற்றது. அடுத்த முறை வழுக்கும்போது, மாஸ்டர் சிலிண்டரில் சேரும் குழாயின் இணைப்பை முதலில் தளர்த்திப் பார்க்க வேண்டும். அங்கேயே அழுத்தம் தீர்ந்தால் குறை மாஸ்டர் சிலிண்டரில். அங்குத் தீராமல் கீழ்த் திருகில் மட்டும் தீர்ந்தால் குறை ரப்பர்க் குழாயில். சோதனைக்குப் பின் உட்புகுந்த காற்றை நீக்கிவிடல் வேண்டும். பிரேக் ஆயில் வர்ணத்தை அரிக்கும். சிந்தினால் உடனே நீர்விட்டுக் கழுவுக.

அழுத்தம் எஞ்சவில்லையாயின் எண்ணெய்க் கசிவைத் தேடுவோம். கிளட்ச் அறையின் அடியில் ஊசி செருகிய துளை ஒன்று உண்டு. அங்கே எண்ணெய் சொட்டினால், தட்டு நனைந்திருக்கலாம். இவ்வண்டியில் கியர்ப் பெட்டிக்கும் எஞ்சின் ஆயிலையே ஊற்றுவதால் மணத்தைக் கொண்டு வேறுபாடு அறிய இயலாது. கறுத்த எண்ணெயாயின் எஞ்சினிலிருந்தும், தெளிந்ததாயின் கியர்ப் பெட்டியிலிருந்தும் வந்திருக்கலாம். இரண்டின் அளவையும் பார்த்துத் தெளிக. இக்கசிவை அடைக்காமல் புதுத் தட்டுப் போடுதல், ஒழுகும் கூரையின் கீழ்ப் புதுப்பாய் விரிப்பது போன்றதாம்.

இவை எதுவும் இல்லையென்றால் மட்டுமே தட்டு தேய்ந்தது, அல்லது வில் தளர்ந்தது என்று முடிவு கட்டலாம். அப்போது எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். பழைய தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அத்தூளைக் காற்றால் ஊதவோ, உலர்ந்த துணியால் துடைக்கவோ கூடாது, நுரையீரலுக்குப் பெருங்கேடு. வேலை செய்யும் சிறுவரும் மெக்கானிக்கும் நம் பிள்ளைகளைப் போன்றவர்களே அன்றோ?

வழுக்கும் கிளட்சோடு நெடுஞ்சாலையில் லாரியை முந்தத் துணிய வேண்டாம். எஞ்சின் முழங்கும், வண்டி முன்னேறாது. எதிரே வரும் வண்டி காத்திராது. நல்ல கிளட்ச் உடையவர்களுக்கும் ஒரு சொல்: ஓட்டும்போது மிதியின் மேல் காலை வைத்தபடி இருக்காதீர்கள். இவ்வண்டியில் கிளட்சை விடுவிப்பது கரித்துண்டாலான வளையம். ஓயாத உரசலால் அது விரைவில் தேயும்.

பழம்பொருளைப் போற்றுவது அன்பு; அதன் குறையை முறையாக ஆராய்வது அறிவு. எளிய சோதனையை முதலிலும், பெருஞ்செலவை இறுதியிலும் வைக்கும் இம்முறை, காருக்கு மட்டுமன்றி வீட்டிலுள்ள ஒவ்வொரு பொறிக்கும் பொருந்தும். நம் இளைஞர்கள் இதனைப் பயில்வார்களாக.