அது கடன் அல்ல, கடமை!



வளர்ந்த பிள்ளையைப் படிக்க வைப்பது கடமையா, கடனா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாடி பேசிய நண்பர், "பதினெட்டு வயசு வரைக்கும்தான் கடமை. அதுக்கு மேல அப்பன் போடுற ஒவ்வொரு காசும் கடன். வேலைக்குப் போனதும் பிள்ளை திருப்பிக் கட்டணும்"னு அடிச்சுச் சொன்னார். ஐயா, நீங்க வீட்டுல அப்பாவா இருக்கீங்களா, வட்டிக்கடை வச்சிருக்கீங்களா? (சிரிப்பு)

என் மகளுக்கு வயது 21. ஓட்டுப் போடுறா, வண்டி ஓட்டுறா, எனக்கே புத்தி சொல்றா! ஆனால் வருமான வரிக் கணக்கில் அவள் இன்னும் என் குழந்தைதான். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80சி என்று ஒரு பிரிவு. இந்தியாவில் முழுநேரப் படிப்புப் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தைப் பெற்றோர் தம் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றது. வைப்புநிதி, ஆயுள் காப்பீடு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. அதில் பிள்ளைக்கு வயது வரம்பே கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்தது. பிரிவின் எண் மாறியது, எண்ணம் மாறவில்லை! (கைதட்டல்)

பதினெட்டு வயசானா பிள்ளையை வெளியே அனுப்பிடுவாங்கன்னு நாம சொல்றோமே, அந்த அமெரிக்காவில் என்ன நடக்குது? முழுநேர மாணவர் என்றால் 24 வயது ஆகும்வரை பெற்றோரைச் சார்ந்த பிள்ளை என்று வரிக்கணக்கில் காட்டலாம். தன் செலவில் பாதிக்கு மேல் அந்தப் பிள்ளையே சம்பாதித்துப் போட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். இன்னொரு அழகு கேளுங்க. பிள்ளை விடுதியில் தங்கிப் படித்தாலும், பெற்றோர் வீட்டில் இருப்பதாகவே கணக்கு! எந்த ஊர் விடுதியில் படுத்தாலும் பிள்ளைக்கு வீடு ஒன்றுதான்னு வரிச் சட்டத்துக்கே தெரியுது. நம்ம எதிரணிக்குத்தான் தெரியல. (கைதட்டல்)

அப்பா கொடுத்தது கடன் என்றால் அவருக்கு ஏன் வரிச்சலுகை? கடமையைச் செய்தவர் என்பதால்தானே?

ஆனால் ஒன்று. சட்டத்துக்கு ரசீதுதான் தெரியும். கல்விக் கட்டணம் சேரும். விடுதிச் சாப்பாடு சேராது, பஸ் கட்டணம் சேராது, நன்கொடை சேராது. வங்கியில் கல்விக் கடன் வாங்கிய பெற்றோர் கட்டும் வட்டியை எட்டு வருடம் கழிக்கலாம். உச்சவரம்பு இல்லை, ஆனால் அசல் சேராது. இதெல்லாம் பழைய வரிமுறையில் மட்டும். 2023-24 முதல், நாம ஒண்ணும் கேட்காவிட்டால் தானாக வருவது புதிய முறை. அதில் வரி விகிதம் குறைவு. இந்தக் கழிவுகள் இல்லை. சம்பளக்காரப் பெற்றோர்களே, இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க.

சரி, சம்பளம் இல்லாதவர்? ஒரு ஜூன் மாதம். பாம்பன் பக்கத்திலிருந்து ஒருவர் மகளைக் கல்லூரியில் சேர்க்க வந்தார். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். நம்ம கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கட்டிக் கிடக்கும் நேரத்தில்தான் கல்லூரி கதவு திறக்கும்! "ஐயா, தடை முடிஞ்சு படகு போகணும். போய்ட்டு வந்ததும் மிச்சத்தைக் கட்டிர்றேங்கய்யா. பிள்ளையை மட்டும் சேர்த்துக்கங்க" என்றார். அவருக்கு வருமான வரியும் இல்லை, வரிச்சலுகையும் இல்லை. எந்தப் படிவத்திலும் அவர் தாங்கிய பாரத்துக்குக் கட்டம் கிடையாது. அவர் மகளிடம் பற்றுச்சீட்டா எழுதி வாங்கினார்?

ராமேஸ்வரத்தில் பிறந்து, இதே ராமநாதபுரத்தில் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்த அப்துல் கலாமுக்கு, சென்னை எம்.ஐ.டி.யில் சேரச் சுமார் 1,000 ரூபாய் தேவைப்பட்டது. அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். இன்றைக்கு ஒரு அக்கா தம்பிக்காக வங்கியில் கல்விக் கடன் வாங்கி வட்டி கட்டினால் அந்தச் சலுகை கிடைக்குமா? சட்டத்தில் கணவன், மனைவி, பிள்ளை உண்டு. சட்டப்படி பாதுகாவலராக இருந்து வளர்க்கும் மாணவரும் உண்டு. கூடப் பிறந்தவர் இல்லை! அக்கா என்ற உறவுக்கு அங்கே இடமே இல்லை.

எதிரணி நண்பர் உடனே எழுந்திருப்பார். "அந்த நகையைச் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்கணும்னு கலாம் உறுதி எடுத்தாரே, அப்போ அது கடன்தானே?"ன்னு கேட்பார். கேளுங்க! அங்கேதான் என் கட்சி ஜெயிக்குது. திருப்பிக் கொடுன்னு அக்கா சொல்லவில்லை, தம்பிதான் நினைத்தார். வள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்தில் தந்தையின் கடமையைத் தனியாக வைத்தார். மகன் செய்யும் கைம்மாறைத் தனியாக வைத்தார். அந்தக் கைம்மாறில் காசு இல்லை, ஊர் சொல்லும் நல்ல பெயர்தான் இருக்கிறது.

ஆகவே நடுவர் அவர்களே, கடன் என்ற சொல் பெற்றவர் வாயில் வரக் கூடாது. பிள்ளை மனசில் இருந்து போகக் கூடாது. கொடுத்தவர் மறக்கணும், வாங்கியவர் நினைக்கணும். சட்டம் ரசீதைப் பார்க்கட்டும். பிள்ளைகளே, நீங்க அப்பாவின் கையைப் பாருங்க, அம்மாவின் வெறுங்கழுத்தைப் பாருங்க. அந்தக் கணக்கை எழுத வேண்டியவர்கள் நீங்கள்தான்.

வளர்ந்த பிள்ளையைப் படிக்க வைப்பது கடமையே, கடமையே என்று தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன். (பலத்த கைதட்டல்)