கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்



“சார், கடன் கொடுத்து மூணு வருஷம் ஆகப்போகுது, பணம் திரும்ப வருமா?” “மேடம், அப்பா சொத்துல எனக்குப் பங்கு உண்டா, இல்லையா?” “பன்னிரண்டு வருஷமா ஒரே வீட்டுல வாடகைக்கு இருந்தா வீடு அவங்களுக்கே போயிடுமாமே, நிஜமா?” தமிழ்நாட்டின் எந்தத் தாலுகா நீதிமன்றத்துக்குப் போனாலும், பக்கத்து வழக்கறிஞர் அலுவலகங்களில் காதில் விழுகிற கேள்விகள் இவை. செய்தித்தாளில் இடம்பிடிப்பவை கொலையும் கொள்ளையும். சாதாரண மனிதரை வக்கீல் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது கடன், வீடு, நிலம், பாகப்பிரிவினை.

இந்தக் கேள்விகளுக்கு வழக்கறிஞர் உடனே பதில் சொல்வதில்லை. “பேப்பரை எடுத்துட்டு வாங்க” என்பார். அடுத்து, “என்ன தேதி?” என்று கேட்பார். நடந்த அநியாயத்தை அரை மணி நேரம் மனம் நொந்து சொன்னவருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனாலும் அவருக்கான பதில் பெரும்பாலும் அந்தக் காகிதத்திலும் அந்தத் தேதியிலும்தான் இருக்கிறது. சில கேள்விகளை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் கடன். நம் ஊர்களில் கைமாற்றாகக் கொடுக்கும் பணத்துக்குப் புரோநோட் எழுதி வாங்குவது வழக்கம். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் படும்படி கடன் வாங்கியவர் கையெழுத்துப் போடுவார். ‘கேட்கும்போது தருகிறேன்’ என்று எழுதிய இந்த நோட்டின் பேரில் வழக்குப் போட, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் நோட்டின் தேதியிலிருந்து 3 ஆண்டுகள் தருகிறது. அதைத் தாண்டினால், கடன் உண்மையாகவே இருந்தாலும் நீதிமன்றம் வழக்கை ஏற்காது.

இந்தக் காலத்தை நீட்ட ஒரு வழி உண்டு. நோட்டின் பின்பக்கத்தில் வரவு வைப்பது. 2022 ஜூன் 10-இல் எழுதிய நோட்டு என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜூன் 10 வரை வழக்குப் போடலாம். இடையில், 2024 மார்ச் 5-இல், கடன் வாங்கியவர் ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, நோட்டின் பின்னால் அந்த வரவை எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் கிடைக்கும். 2027 மார்ச் 5 வரை நேரம் இருக்கும். வட்டிக்கென்று கொடுத்த தொகைக்கும் இது பொருந்தும். இதில் பலர் ஏமாந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது. வரவைக் கடன் கொடுத்தவரே எழுதி வைத்துக்கொள்வார். கடன் வாங்கியவரின் கையெழுத்து இருக்காது. அந்த வரவால் காலம் ஒரு நாள்கூட நீளாது.

இன்னொன்று. “வக்கீல் நோட்டீஸ் விட்டாச்சு, இனி கவலையில்லை” என்று இருந்துவிடுகிறவர்கள் ஏராளம். நோட்டீஸ் அனுப்பியதால் காலக்கெடு நீளாது. மூன்றாவது ஆண்டு முடிவதற்குள் வழக்கு நீதிமன்றத்தில் தாக்கலாகியிருக்க வேண்டும்.

கடன் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொகை எழுதாத நோட்டிலும் தொகை எழுதாத செக்கிலும் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்திட்டு ஒப்படைத்த வெற்று நோட்டை, வாங்கியவர் நிரப்பிக்கொள்ள மாற்றுமுறை ஆவணச் சட்டமே இடம் கொடுக்கிறது. கையெழுத்து உங்களுடையது என்று ஒப்புக்கொண்ட பிறகு, பணம் வாங்கித்தான் எழுதிக் கொடுத்தீர்கள் என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். அப்படி இல்லை என்று காட்டவேண்டிய சுமை உங்கள் தலையில் விழும்.

செக் திரும்பிய வழக்கில் நாட்கள் இன்னும் நெருக்கமானவை. செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் அதை வங்கியில் போட வேண்டும். பணமில்லை என்று திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணத்தைக் கட்ட 15 நாள் அவகாசம். அதற்குள் கட்டாவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவரிடம் புகார் தாக்கல் செய்ய வேண்டும். குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். “அடுத்த வாரம் தந்துடறேன் அண்ணே” என்ற வார்த்தையை நம்பிப் பலர் அந்த 30 நாளையும் கடத்திவிடுகிறார்கள். ஆகவே செக் திரும்பினால், வங்கி கொடுக்கும் ரிட்டர்ன் மெமோவைப் பத்திரப்படுத்துங்கள். தகவல் வந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

வாடகை வீட்டுக் கேள்விக்கு வருவோம். பன்னிரண்டு ஆண்டு என்ற கணக்கு காற்றில் வந்ததல்ல. ஒருவருடைய நிலத்தை இன்னொருவர், உரிமையாளரின் உரிமையை மறுத்து, வெளிப்படையாக, இடைவிடாமல் 12 ஆண்டு அனுபவித்துவந்தால், அதற்குப் பிறகு உரிமையாளர் அதை மீட்க வழக்குப் போட முடியாது என்று சட்டத்தில் இருக்கிறது. வாடகைக்கு வந்தவர் நிலைமை வேறு. உரிமையாளரின் அனுமதியோடு, அவரை உரிமையாளராக ஏற்று உள்ளே வந்தவர் அவர். வாடகைதாரராக இருக்கும் வரை, இருபது ஆண்டு இருந்தாலும் வீடு அவருக்குச் சொந்தமாகாது. இந்தப் பயத்தினாலேயே ஒழுங்காக வாடகை கொடுக்கும் குடும்பங்களை அடிக்கடி காலி செய்யவைக்கிற வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம்கூட மாறிப்போகிறது. பயத்துக்கு மருந்து எழுத்தில் உள்ள ஒப்பந்தம்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. இருதரப்புக்கும் அதுவே பாதுகாப்பு.

இனி, பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி. அப்பா சொத்தில் பங்கு உண்டா?

இந்துக் குடும்பங்களைப் பொறுத்தவரை, வழக்கறிஞர் முதலில் கேட்பது, சொத்து அப்பா சுயமாகச் சம்பாதித்ததா, பூர்வீகமா என்பதை. சுயசம்பாத்தியம் என்றால், அப்பா அதை விரும்பியவருக்கு விற்கலாம், கொடுக்கலாம், உயில் எழுதலாம். எதுவும் எழுதாமல் இறந்துவிட்டால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் இறந்தவரின் தாய் ஆகியோருக்குச் சமபங்கு. மகளுக்கு இந்த உரிமை 1956-லிருந்தே இருக்கிறது. பாட்டிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பல வீடுகளில் மறந்தேவிடுகிறார்கள்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போல் பிறப்பால் உரிமை என்று தமிழ்நாடு 1989-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் அது நடைமுறைக்கு வரும் முன்பே திருமணமாகியிருந்த பெண்களுக்கு அந்தத் திருத்தம் பொருந்தவில்லை. அதைச் சொல்லித்தான் இன்றைக்கும் அண்ணன்மார்கள், “உனக்கு எண்பத்தொன்பதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சு, பாத்தியதை கிடையாது” என்கிறார்கள். 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. மணமான மகளுக்கும் சம உரிமை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. வேண்டியதில்லை என்பது தீர்ப்பு. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக முடிந்த பாகப்பிரிவினையையும் விற்பனையையும் மட்டும் இந்தத் திருத்தம் கலைக்காது. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் வாரிசுரிமை விதிகள் வேறு. அவற்றைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

“நகை போட்டுச் சீர் செஞ்சாச்சு, அதுதான் உன் பங்கு” என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. உரிமையை உண்மையில் பறித்துவிடுவது விடுதலைப் பத்திரம். ஒருநாள் அண்ணன் வந்து, “பத்திர ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போம்மா, சும்மா ஒரு கையெழுத்து” என்று அழைப்பார். போட்டோ எடுப்பார்கள், கைரேகை வைப்பார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகுதான், தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதியிருக்கிறோம் என்பது தெரியவரும். மனதார விட்டுக்கொடுக்கிற சகோதரிகள் உண்டு. அது அவர்களின் பெருந்தன்மை. ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்க வேண்டும். பதிவுக்கு முந்தைய நாளே நகலை வாங்கிப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால், அந்தப் பத்திரத்தால் லாபமோ நட்டமோ இல்லாத ஒருவரைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்றால், தெரியவந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் நீதிமன்றம் போக வேண்டும்.

வயதான பெற்றோர் கேட்பது, “பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துடலாமா?” எதை எழுதுகிறீர்கள் என்பதில்தான் வாழ்வும் வலியும் இருக்கின்றன. உயில் உங்கள் காலத்துக்குப் பிறகே செயலுக்கு வரும். உயிரோடு இருக்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகளின் கையெழுத்து கட்டாயம். செட்டில்மெண்ட் என்கிற தானப் பத்திரம் அப்படியல்ல. பதிவாகி, பெற்றவர் ஏற்றுக்கொண்டதும் சொத்து அவருடையது. மனம் மாறினால் நீங்களாக ரத்து செய்ய முடியாது.

எழுதி வாங்கிய பிள்ளை சோறு போட மறுத்தால் என்ன செய்வது? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் ஒரு வழி தருகிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால், செல்லாது என்று அறிவிக்கலாம். அதற்கான தீர்ப்பாயம் தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இயங்குகிறது. பெற்றவர்களே நேரில் மனுக் கொடுக்கலாம். பத்திரத்தில் அந்த நிபந்தனை எழுதப்பட்டிருந்தால் வழக்கு வலுவாக நிற்கும், இல்லாவிட்டால் இழுபறிதான். அதனால் செட்டில்மெண்ட் எழுதியே ஆக வேண்டும் என்றால், இரண்டு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். ‘எங்கள் ஆயுள்வரை இந்த வீட்டில் நாங்கள் குடியிருக்கும் உரிமை உண்டு.’ ‘எங்களுக்கு உணவும் மருத்துவமும் தந்து பராமரிக்க வேண்டும்.’ பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா என்று கூச்சப்படாதீர்கள். அன்புள்ள பிள்ளைக்கு அந்த வரிகளால் ஒரு குறையும் வராது.

இவ்வளவும் கேட்டபின், “வக்கீலைப் பார்க்கப் பணம் வேணுமே” என்று நினைப்பீர்கள். சட்ட உதவி அரசின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 39-ஏ பிரிவு சொல்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா நீதிமன்றங்களில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. ஆலோசனை சொல்வார்கள், மனு எழுத உதவுவார்கள், வழக்கு நடத்த வழக்கறிஞரையும் நியமிப்பார்கள். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் கேட்கலாம்.

வழக்கறிஞர்களான எங்களை அதிகம் வருத்தப்பட வைப்பது, “போன வருஷமே வந்திருக்கலாமே” என்று கட்சிக்காரரிடம் சொல்ல நேர்வது. நியாயம் அவர் பக்கம் இருக்கும், காலம் கடந்திருக்கும். அல்லது கையெழுத்து விழுந்திருக்கும். ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டில் புரோநோட்டு, திரும்பிய செக், படிக்காத பத்திரம் எது இருந்தாலும் இந்த வாரமே எடுத்துத் தேதியைப் பாருங்கள். யாராவது கையெழுத்துக் கேட்டு வந்தால், “நகலைக் கொடுங்க, காட்டிக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்று சொல்லுங்கள். அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும், அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.