பிள்ளையை யார் கையில் கொடுப்பது?



ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ், 2005இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் தன் பிறப்பைப் பற்றிப் பேசினார். 1955இல் அவரைப் பெற்றவர் மணமாகாத மாணவி. படித்துப் பட்டம் வாங்கியவர்கள்தான் தன் பிள்ளையை வளர்க்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். முதலில் பேசிவைத்த வழக்கறிஞரும் அவர் மனைவியும், பெண் குழந்தைதான் வேண்டுமென்று கடைசி நேரத்தில் விலகிவிட்டார்கள். அடுத்து வந்த பால், கிளாரா இருவரும் பட்டதாரிகள் அல்ல என்று தெரிந்ததும் அந்தத் தாய் கையெழுத்துப் போட மறுத்தார். பையனைக் கல்லூரியில் படிக்கவைப்போம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்த பிறகே, சில மாதம் கழித்து இசைந்தார்.

அன்றைய அமெரிக்காவில் ஒரு தாயால் அவ்வளவுதான் கேட்க முடிந்தது. கையெழுத்தானதும் ஆவணங்களைப் பெரும்பாலும் பூட்டிவைப்பார்கள். பிள்ளை எங்கே வளர்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. அவள் யார் என்பது பிள்ளைக்குத் தெரியாது.

இன்று அங்கே திறந்த தத்துமுறை பரவியிருக்கிறது. தத்துக் கொடுக்க நினைக்கும் கர்ப்பிணி, வளர்க்கப்போகிறவர்களைத் தானே தேர்ந்தெடுக்கலாம்; பேசிக்கொண்டபடி பிறகும் பிள்ளையோடு தொடர்பு வைத்துக்கொள்ளலாம். அவள் முன்னால் ஆல்பங்கள் வரும். முதல் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு கடிதம். அப்புறம் வீட்டுத் தோட்டம், நாய்க்குட்டி, தாத்தா பாட்டியோடு கிறிஸ்துமஸ், கடற்கரை. எல்லாப் படத்திலும் சிரித்த முகம். பத்தொன்பது வயதில், வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி இதைப் புரட்டினால், வசதியான வீட்டில்தான் முதலில் கண் நிற்கும். அது இயல்பு.

ஆனால் அவள் தெரிந்துகொள்ள வேண்டியது எந்த ஆல்பத்திலும் இருக்காது. "என்னை ஏன் கொடுத்துட்டாங்க?" என்று பிள்ளை ஒருநாள் கேட்கும். அப்போது என்னைப் பற்றி என்ன சொல்வீர்கள்? வருஷத்துக்கு எத்தனை முறை பார்க்க விடுவீர்கள்? உங்கள் அம்மா அப்பாவுக்கு இதில் சம்மதமா? நாளைக்கு உங்களுக்கே ஒரு குழந்தை பிறந்தால்? இவற்றை நேரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். உடனே இனிப்பாகப் பதில் சொல்பவர்களைவிட, கொஞ்சம் யோசித்து, "இது எங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், ஆனாலும் செய்வோம்" என்பவர்களை நம்பலாம்.

ஏன் இவ்வளவு கவனம்? தொடர்பு பற்றிய ஒப்பந்தம் சில மாநிலங்களில் சட்டப்படி செல்லாது. செல்லுகிற இடத்திலும், அதை மீறினார்கள் என்பதற்காகத் தத்து ரத்தாகாது. பல நேரம் கடைசியில் அவள் கையில் இருப்பது அவர்கள் கொடுத்த வாக்கு மட்டுமே.

பெற்றவள் வந்துபோனால் பிள்ளை குழம்பாதா, திரும்பக் கேட்டுவிடுவாளோ என்ற பயம் வளர்ப்பவர்களுக்கு வரும். ஹெரால்ட் குரோட்டவன்ட், ரூத் மெக்ராய் என்ற ஆய்வாளர்கள் 1980களில் தொடங்கி, 190 குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நேரடித் தொடர்பு இருந்த வீடுகளில்தான் அந்தப் பயம் குறைவாக இருந்தது. தங்கள் அம்மா அப்பா யார் என்பதில் பிள்ளைகளும் குழம்பவில்லை.

இந்தியாவில் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கும் தாய்க்கு இப்படித் தேர்ந்தெடுக்கும் வழி இல்லை. மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. அமெரிக்காவிலும் பெரும்பாலான மாநிலங்களில் பிரசவத்துக்குப் பிறகே கையெழுத்து. அதுவரை அவள்தான் தாய். ஆல்பத்தில் ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டாள், ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவி வாங்கிக்கொண்டாள் என்பதற்காக அவள் யாருக்கும் கடன்பட்டவள் அல்ல. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்தபின் மனம் மாறினால், அதில் துரோகம் ஒன்றும் இல்லை.

கொடுப்பது என்று முடிவானால், வாங்கிக்கொள்பவர்களின் கடமை அன்றுதான் தொடங்குகிறது. அனுப்புவதாகச் சொன்ன போட்டோவை அனுப்புங்கள். வரச் சொன்ன நாளில் கதவைத் திறந்துவையுங்கள். உங்களை நம்பித்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.