விசில் ஊதுபவருக்கு வேலை உத்தரவாதம் வேண்டும்

(தூத்துக்குடியில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



2025 மார்ச்சில் நம் மாவட்டத்தில், ஸ்ரீவைகுண்டம் பக்கம், பரீட்சை எழுதப் பஸ்ஸில் போன பதினோராம் வகுப்புப் பட்டியலின மாணவனை வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவன் அணி ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். பிடிபட்டவர்களும் சிறுவர்களே.

இது மணத்தி கணேசனின் மாவட்டம். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடியவர் அவர். அவர் வாழ்க்கையைத் தழுவிய 'பைசன்' படத்தில் அந்தப் பையனுக்குத் துணை நிற்பவர் யார்? பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார். தியேட்டரில் கைதட்டினோம். நிஜத்தில் அந்த வாத்தியாரின் நிலை என்ன?

2012இல் தமிழக அரசு உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்விக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தது. வாரம் மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய். பத்தாண்டுக்கு மேல் போராடித்தான் அது 12,500 ஆனது. பல ஆண்டுகள் மே மாதச் சம்பளமே இல்லை. பள்ளிக்கு லீவு விடலாம், வயிற்றுக்கு விட முடியுமா? பணி நிரந்தரம் செய்வோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் திமுக சொன்னது. அதற்குப் பிறகும் அவர்கள் சென்னைத் தெருக்களில் உட்கார வேண்டியிருந்தது.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8 வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. குறைந்தபட்சம் இதையாவது செய் என்று சட்டம் சொன்னதை, இதுவே போதும் என்று அரசுகள் எடுத்துக்கொண்டன.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அகாடமி இருக்கிறது. உப்பளத் தொழிலாளியின் பிள்ளைக்கும் மீனவர் பிள்ளைக்கும் அரசுப் பள்ளி மைதானம்தான். அங்கே யாரைச் சேர்ப்பது, யாரைக் கேப்டன் ஆக்குவது என்று முடிவு செய்பவர் உடற்கல்வி ஆசிரியர். "எங்க பையன் இருக்க, அவனா கேப்டன்?" என்று ஊர்ப் பெரிய மனுசர் வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. நிரந்தர வேலையில் இருந்துகொண்டு சாதி பார்ப்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வேலையே உறுதியில்லாத ஒருவரிடம் தைரியத்தை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமா? நாங்குநேரிக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. அவிழ்க்கச் சொல்ல ஆள் வேண்டாமா?

சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியருக்கும் உண்டு என்று 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிரந்தரமாகத் தேவைப்படும் வேலையை, நிதி இல்லை என்று காட்டித் தற்காலிகமாகவே வைத்திருக்கக் கூடாது என்று 2025இல் தரம் சிங் வழக்கில் சொன்னது.

ஆகவே நம் கோரிக்கை எளிமையானது: முழு நேரப் பணி, காலமுறை ஊதியம், பன்னிரண்டு மாதச் சம்பளம். இதை ஆசிரியர் சங்கத்தின் பிரச்சினை என்று ஒதுக்காதீர்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே அணியில் கைகோத்து நிற்க, நடுவில் விசிலோடு ஒருவர் பயமில்லாமல் நிற்க வேண்டும்.

ஜெய்பீம்!