அடைப்பைத் திறக்கும் முன்

இதயத் தமனியின் நாள்பட்ட முழு அடைப்பு என்ற ஒரே பொருளுக்கு இரண்டு நாள் ஒதுக்கிய அமைப்பாளர்களுக்கு நன்றி. இளம் மருத்துவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். என் பேச்சு பெரும்பாலும் உங்களுக்குத்தான்.

புறநோயாளிப் பிரிவில் நாம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. ஆஞ்சியோகிராம் சிடியை மேசைமேல் வைத்துவிட்டு, "நூறு பர்சென்ட் அடைப்புன்னு எழுதியிருக்காங்க டாக்டர், அப்ப நான் எப்படி உயிரோட இருக்கேன்?" என்பார் நோயாளி. நியாயமான கேள்வி. இதற்கு அவருக்குப் புரியும்படி பதில் சொல்லத் தெரியாதவர் அடைப்பைத் திறக்கும் கம்பியைக் கையில் எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

தமனி முற்றிலும் அடைந்து 3 மாதமோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் அது நாள்பட்ட முழு அடைப்பு, சுருக்கமாக சிடிஓ. மாரடைப்பில் குழாய் திடீரென்று அடைபடுவதால் தசை சீக்கிரமே சாகத் தொடங்கிவிடும். இதிலோ குழாய் மெல்லச் சுருங்கும்போதே பக்கத்துத் தமனியிலிருந்து இணைக்குழாய்கள் விரிந்து வந்து இரத்தம் தருகின்றன. தலைவாய்க்கால் தூர்ந்த வயலில் பக்கத்து வாய்க்காலின் கசிவால் பயிர் காயாமல் நிற்கும். ஆனால் கதிர் பிடிக்காது. அப்படித்தான் இதுவும். உட்கார்ந்திருக்கும் வரை அந்த இரத்தம் போதும், மாடி ஏறினால் போதாது. இணைக்குழாய் நன்றாகத் தெரிகிறது, ஆகவே இரத்தக்குறைவு இல்லை என்று அறிக்கை எழுதுவது தவறு.

1977இல் சூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இதயத் தமனியில் முதன்முதலாகப் பலூன் விரித்தபோது, கொஞ்சமாவது வழி இருந்த குழாயில்தான் விரித்தார். முழுதும் அடைந்த குழாயில் முகப்பிலேயே நாரும் சுண்ணாம்பும் இறுகிய மூடி இருக்கும். 0.36 மில்லிமீட்டர் கம்பியின் முனை அதில் முட்டி வளைந்து, குழாயின் சுவருக்குள் நழுவும். பின்பக்கத்து மூடி பெரும்பாலும் இளகியது. எதிர்ப்பக்கத் தமனியில் புகுந்து, இதயத்தின் இடைச்சுவர் இணைக்குழாய் வழியே சுற்றிவந்து பின்னாலிருந்து அடைப்பைக் கடக்கும் முறையை ஒசாமு கட்டோ முதலிய ஜப்பானிய மருத்துவர்கள் வகுத்து 2006இல் வெளியிட்டார்கள். இன்று தேர்ந்த கைகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது அடைப்புகள் திறக்கின்றன.

திறக்க முடிகிறது என்பதற்காகத் திறக்கலாமா? 2018இல் வெளியான யூரோ சிடிஓ ஆய்வில் 396 பேர் இருந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களைவிட, அடைப்பு திறக்கப்பட்டவர்களுக்கு ஓராண்டில் நெஞ்சுவலி குறைந்தது, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. ஆசிய நாடுகளில் 800க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2019இல் வெளியான டிசிஷன் சிடிஓ ஆய்விலோ மரணமும் மாரடைப்பும் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த ஆய்விலும் குறை உண்டு. மருந்துப் பிரிவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இடையில் ஸ்டென்டுக்கு மாறிக்கொண்டார். இருந்தாலும், "திறக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை" என்று உறவினரிடம் சொல்ல நம் கையில் சான்று இல்லை. அப்படிச் சொல்லிக் கையெழுத்து வாங்குவதை நான் மிரட்டல் என்றே சொல்வேன்.

ஆகவே நோயாளியின் உபாதைதான் முதல் காரணம். "நெஞ்சுவலி இருக்கா?" என்றால் இல்லை என்பார். முன்பு செய்துவந்து இப்போது விட்டுவிட்ட வேலை எது என்று கேளுங்கள். "தண்ணிக் குடம் தூக்கறதில்லைங்க, மருமக தூக்கிடும். மலைக்கோயிலுக்குப் போறதை விட்டு ரெண்டு வருசமாச்சு" என்று மெல்ல வெளியே வரும். வேலையை விட்டதால்தான் அவருக்கு வலி இல்லை. மருந்தை முழு அளவில் கொடுத்த பிறகும் உபாதை தீராமல், அந்தப் பகுதித் தசை உயிரோடும் இருந்தால் திறக்கலாம். மூன்று குழாய்களிலும் நோயிருந்து சர்க்கரையும் சேர்ந்திருந்தால் அறுவை மருத்துவரையும் கூட வைத்துப் பேசுங்கள். பைபாஸுக்கு அனுப்புவதில் நமக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

செலவையும் சொல்லியாக வேண்டும். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. அந்த ஆணை ஸ்டென்டுக்கு மட்டும். நாள்பட்ட அடைப்பில் பணம் கரைவது கம்பியிலும் நுண்குழாயிலும். கூடவே கதிர்வீச்சும் சாயமும் ஏறிக்கொண்டே போகும். சிறுநீரகம் கெடலாம், முதுகுத் தோல் வெந்துபோகலாம். குழாய் துளைபட்டு இதய உறைக்குள் இரத்தம் தேங்கினால் நிமிடங்களில் உயிர் போய்விடும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கட்டுரை படிக்கப்போகிறவர்களிடம் தலைவர் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். திறந்த பின் எடுத்த அழகான படத்தைக் காட்டும் முன், அந்த நோயாளிக்கு என்ன உபாதை இருந்தது, எந்த மருந்தை எந்த அளவில் கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்பதையும் சொல்லுங்கள். திறக்காமல் விட்டவர்களையும் திறக்க முடியாமல் போனவர்களையும் பற்றிப் பேசுவதற்கென்றே நாளைப் பிற்பகல் அமர்வை ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கும் இதே அளவு கூட்டம் இருக்க வேண்டும். மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.