10 ரூபாய் மனு… 9 ரூபாய் 36 காசு வரி!

(தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து…)



பெட்ரோல், சிலிண்டர் விலையைப் பற்றி எல்லாரும் பேசுறோம். நான் இன்னைக்குத் தபாலைப் பற்றிப் பேச வந்திருக்கேன். சிரிக்காதீங்க, கணக்கைக் கேளுங்க.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கட்டணம் 10 ரூபாய். அந்த மனுவை ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்குப் பதிவு செய்து அனுப்ப எவ்வளவு? முன்னே பதிவுத் தபால் வரியோடு சேர்த்து 26 ரூபாய்க்குள் முடிந்தது. 2025-ல் அதை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைச்சுட்டாங்க. அக்டோபர் 1 முதல் 50 கிராம் வரை 47 ரூபாய், பதிவுக்கு 5 ரூபாய். ஆக 52. அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 சதவீதம், 9 ரூபாய் 36 காசு. மொத்தம் 61 ரூபாய் 36 காசு! அதுக்கு ஒன்பது நாள் முன்னாலதான் சோப்பு, ஷாம்பூ வரியை 5 சதவீதமாக்கி விழா கொண்டாடினாங்க. தபால் அவங்க கண்ணுக்குத் தெரியலை.

"சாதாரணத் தபாலுக்கு விலக்கு இருக்கே" என்பார்கள். இருக்கு. ஆனால் 2022 ஜூலை 18 முதல் அந்த விலக்கு கார்டு, இன்லேண்ட் லெட்டர், புக் போஸ்ட், 10 கிராமுக்குக் குறைவான கவர், இவற்றுக்கு மட்டும்தான். ஒரு ஏ4 தாளே 5 கிராம். இரண்டு தாள் வைத்தால் விலக்கு போச்சு!

இந்த 18 சதவீதம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வலிக்காது. ஜிஎஸ்டி பதிவு உள்ள கம்பெனி ஆயிரம் ரூபாய்க்குப் பார்சல் அனுப்பி 180 ரூபாய் வரி கட்டினால், அதைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும். பட்டா மாறுதலுக்கு மனு அனுப்புற விவசாயி யாரிடம் போய்க் கழிப்பார்? வேலைக்கு விண்ணப்பம் அனுப்புற பிள்ளை? கட்டினது கட்டினதுதான்.

சும்மா விலக்கு கொடுத்தாலும் முழுசாத் தீராது. வண்டிக்கும் கணினிக்கும் தபால் துறை கட்டுகிற வரியை அப்போது திரும்ப எடுக்க முடியாது. அது கட்டணத்துக்குள்ளேயே ஒளிஞ்சுக்கும். ஏற்றுமதிக்குப் பூஜ்ய விகிதம் வச்சிருக்காங்க. விற்கும்போது வரி இல்லை, வாங்கும்போது கட்டினதும் திரும்பி வரும். அதையே தனிநபர் அனுப்பும் தபாலுக்கும் கொடுங்கள் என்கிறோம்.

"தனியார் கூரியருக்கு அநியாயம் இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கேள்வி. கன்னியாகுமரியிலிருந்து லடாக் மலைக்கிராமம் வரைக்கும் அதே 47 ரூபாய்க்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற கூரியர் ஒன்றைக் காட்டுங்கள்!

அடுத்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் இதை வைக்க வேண்டும். அதுவரை உங்கள் ஸ்பீட் போஸ்ட் ரசீதில் வரி எவ்வளவு என்று பார்த்து, அந்தத் தொகையைக் கமெண்ட்டில் போடுங்கள்.