பெட்டியும் கடிதமும்



கென்யா நாட்டுச் சிறுமி ஒருத்தியின் படிப்புச் செலவை எங்கள் மாதர் சங்கம் ஏற்றிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஒரு கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சட்டை, காலணி, பொம்மை எல்லாம் அடுக்கி அவளுக்குப் பெட்டி அனுப்பினோம். தபால் செலவு பொருள்களின் விலையை மிஞ்சிற்று. அங்கே சுங்க வரி கேட்டார்கள். அதைக் கட்ட, அவள் பள்ளிக்கென்று நாங்கள் அனுப்பியிருந்த பணமே போயிற்று. காலணியோ அவள் காலுக்குச் சிறியது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெறுங்கையோடு பார்த்து நின்றார்களாம்.

பெட்டியின் அடியில் வைத்த கடிதத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாளாம்!

1937-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, ஜான் லாங்டன்-டேவிஸ் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் ஒரு சிறுவனைக் கண்டார் என்பர். அவனிடம் தந்தை எழுதிய சீட்டு ஒன்று இருந்தது. சாந்தாந்தேர் நகரம் வீழ்ந்தால் தாம் கொல்லப்படுவது உறுதி. கண்டெடுப்பவர் மகனைக் காக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த ஆண்டில் அவர் தொடங்கிய பணியே இன்று பல நாடுகளில் பரவியுள்ள பிளான் நிறுவனம். தொலைவில் உள்ளவர் ஒரு குழந்தையை ஏற்று, உதவியோடு கடிதமும் எழுதுவது அதன் வழக்கமாயிற்று.

ஆகவே இனிப் பெட்டி வேண்டாம். துணிமணியை அங்கேயே வாங்கட்டும். அதற்குரிய பணத்தை முறைப்படி அனுப்புவோம். நாம் வரைந்த படமும் நாலு வரிக் கடிதமும் ஓர் உறையில் அடங்கும். ஆலய வாசலில் தாளும் பேனாவும் வைத்திருக்கிறோம். வீட்டுக்குப் போகுமுன் பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள்.